வேகம் யாருக்கு வேணும்? இடம் இருக்கா?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961இல்) எடுத்த எடுப்பில் எல்லோரும் கடலில் இறங்கிவிட மாட்டார்கள். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அதில் கிடைக்கும் முத்துக்கு மதிப்புப் போட்டு, தேறும் என்று தெரிந்தால்தான் குளிப்பையே அறிவிப்பார்கள். அதே ஊர்ப் பிள்ளைகள் இன்று கேமிங் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும்போது பார்ப்பது என்ன? பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் மட்டும்தான். விநாடிக்கு 7000 எம்பியாம்!

சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். விநாடிக்கு 100 எம்பி சொச்சம் எங்கே, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியின் 550 எங்கே! 2011இல் தமிழக அரசு கொடுத்த லேப்டாப்பில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கியதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. இடம் குறைந்தும் யாரும் பழசைக் கேட்கவில்லை. அதுவரை வேகத்துக்குக் காசு கொடுப்பது நியாயம்.

அதற்கு மேல்தான் ஏமாற்று வேலை. 3500 எம்பி ஜென்3யையும் 7000 எம்பி ஜென்4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேமைத் திறந்தால், பெரும்பாலான கேம்களில் மிச்சமாவது ஓரிரு விநாடி. காரணம் எளிது. சுருக்கி வைத்த கோப்புகளை விரித்துக் கொடுக்க வேண்டியது ப்ராசஸர். தட்டு எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும் அது தன் வேகத்தில்தான் வாங்கும். எஃப்பிஎஸ் கூடுமா? அது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. போதாக்குறைக்கு லேப்டாப்பில் இருப்பது ஜென்3 ஸ்லாட் என்றால் 7000 எம்பி தட்டும் ஜென்3 வேகத்தில்தான் ஓடும். கொடுத்த காசு கடலில் கரைத்த உப்பு!

இடம் அப்படியல்ல. 512 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் காட்டுவது 476. பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி வேண்டும், ஸ்டார்ஃபீல்டுக்கு 125. விண்டோஸும் கல்லூரி மென்பொருள்களும் போக மிச்சம் என்ன? ஒரு கேமை அழித்து இன்னொன்றை இறக்கி, மறுபடி பழசை இறக்கி... ஹாஸ்டல் வைஃபையில் 150 ஜிபி இறங்கும் நேரத்தில், மிச்சப்படுத்திய அந்த இரண்டு விநாடியை எங்கே போய்த் தேடுவது? இன்னொன்றும் உண்டு. ஒரே மாடலில் 500 ஜிபிக்கு 300 டிபி வரை எழுதலாம் என்று வாரண்டி இருந்தால், 1 டிபிக்குப் பெரும்பாலும் 600 இருக்கும். பெரிய தட்டுக்கு ஆயுளும் அதிகம்.

"விலை ஏறிக் கிடக்குதே?" என்பார்கள். உண்மைதான். ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டதில் 2025 கடைசியிலிருந்து ஃபிளாஷ் மெமரி விலை ஏறியது. அதனால்தான் காட்சிக்கு வைக்கும் வேகத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது.

கடைசியாக, யாருமே கேட்காத கேள்வி: இரண்டாவது பிரதி எங்கே? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. கேம் போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எங்கே இருந்து இறக்குவது? எஸ்எஸ்டி பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் சாகும். அழிந்ததை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஸ்லாட் எத்தனை, எந்த ஜென், எந்த நீளம் என்று பாருங்கள். நல்ல வாரண்டியுள்ள 1 டிபி ஜென்3யோ, விலை குறைந்த ஜென்4ஓ போதும். மிச்சக் காசில் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, ப்ராஜெக்ட்டின் பிரதியை அதில் போட்டு, லேப்டாப் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். 7000 எம்பி என்று நண்பனிடம் பீற்றிக்கொள்ள முடியாதுதான். வைவா அன்று அழாமலாவது இருக்கலாம்!