சோதனைப் பதிப்பும் நம் கடமையும்

புதிதாக ஏர் செய்து கொடுக்கும் தச்சர், "ஒரு சால் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார். ஓட்டிப் பார்த்தவர் திரும்பி வந்து, "கொழு கொஞ்சம் ஆழமாய் இறங்குகிறது", "மேழி கைக்கு உயரமாய் இருக்கிறது" என்று சொன்னால்தான் அந்த ஏர் முழுமை பெறும். ஓட்டியே பாராமல், "அடடா! என்ன அழகான ஏர்!" என்று புகழ்ந்துவிட்டு அதைச் சுவரோரம் சாத்தி வைப்பவரைப் பற்றி அந்தத் தச்சர் என்ன நினைப்பார்? தமிழில் உருவான கணிப்பொறி மொழி ஒன்றுக்கு நாம் செய்தது ஏறக்குறைய இதுவேயாகும். இந்தக் குற்றச்சாட்டில் முதல் குற்றவாளி நானே என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். அதை எழுதப் பயன்படும் மொழிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களால் அமைந்தவை. இந்நிலையில், தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதுவதற்கு 'எழில்' என்னும் மொழியை உருவாக்கினார் முத்தையா அண்ணாமலை. அமெரிக்காவில் வாழும் தமிழரான அவர் 2007 ஆம் ஆண்டு இப்பணியைத் தொடங்கினார். 2009 இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2013 இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாக இது வெளிவந்தது. பின்னர் 2017 இல் விண்டோஸ், லினக்ஸ் மேசைக் கணிப்பொறிகளில் நிறுவிப் பார்க்கும் வகையில் ஒரு சோதனைப் பதிப்பும் வந்தது.

எழிலின் சிறப்பு சொற்களில் மட்டும் இல்லை. சொற்றொடரின் அமைப்பிலும் உள்ளது. ஆங்கிலத்தில் 'இஃப்' என்னும் சொல் முன்னே வரும். நிபந்தனை பின்னே வரும். தமிழிலோ "மழை பெய்தால்" என்று நிபந்தனையைச் சொன்ன பிறகே 'ஆல்' வருகிறது. எழிலும் அவ்வாறே எழுதச் சொல்கிறது:

@( மதிப்பெண் >= 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

இதைப் படித்துப் பொருள் கொள்ளக் கணிப்பொறிப் பட்டம் வேண்டுமா? நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட இதன் கருத்து விளங்கும் அன்றோ?

அந்தச் சோதனைப் பதிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நான் இளங்கலை முதலாண்டு மாணவன். என் மாமா ஒருவர் சிறியதொரு தட்டச்சு, கணிப்பொறிப் பயிற்சி நிலையம் நடத்தி வந்தார். அங்கே ஐந்து மேசைக் கணிப்பொறிகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கெஞ்சிக் கேட்டு, அவற்றுள் இரண்டில் எழிலை நிறுவினேன். நிறுவத் தொடங்கியதும், "இது அறியப்படாத இடத்திலிருந்து வந்தது" என்னும் பொருளில் கணிப்பொறி எச்சரித்தது. மாமா பதறிப்போனார். "வைரஸ் கிரஸ் வந்துட்டா நாளைக்கு வகுப்பே நின்னு போயிடும்டா!" என்றார். "எது வந்தாலும் நானே சரி செய்து தருகிறேன் மாமா" என்று துணிந்து வாக்குக் கொடுத்தேன்.

பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் அன்று அங்கு வந்திருந்தான். தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவன். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். அவனை அருகில் அமர்த்திக்கொண்டேன். சிறிது நேரத்திற்கெல்லாம் அவனே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எடை 42, விலை 400 என்று கொடுத்து, இரண்டையும் பெருக்கிப் பதிப்பிக்கச் சொன்னான். திரையில் 16800 என்று வந்தது. "அண்ணா, இது எங்க வீட்டுக் கூட்டுக் கணக்குங்கண்ணா!" என்று அவன் கூவியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அவன் தந்தை வாயால் போடும் கணக்கை, அவன் தன் மொழியில் எழுதி ஓர் இயந்திரத்தைப் போட வைத்துவிட்டான்!

அடுத்த முயற்சியில்தான் தடை வந்தது. சற்றே நீளமான நிரல் ஒன்றை இருவருமாக எழுதினோம். அது ஓடவில்லை; பிழைச்செய்தி வந்தது. ஒரு மணி நேரம் போராடினோம். பொழுது சாய்ந்தது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி மூடிவிட்டேன். அடுத்த வாரம் எனக்குப் பருவத் தேர்வு. அவன் மட்டைப்பந்து ஆடப் போய்விட்டான். அந்தப் பிழை எங்களுடையதா, மொழியினுடையதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நான் கேட்கவே இல்லை! நான்கு வரி எழுதி உருவாக்கியவர்களுக்கு அனுப்பியிருந்தால் விடை கிடைத்திருக்கலாம். அனுப்பவில்லை. ஆனால் அதே வாரத்தில், "தமிழில் கணிப்பொறி மொழி வந்துவிட்டது" என்று நண்பர்களிடம் பெருமை பேசியதில் மட்டும் குறை வைக்கவில்லை.

நண்பர்களே! சோதனைப் பதிப்பு என்பது பரிசுப்பொருள் அன்று. அது ஓர் அழைப்பு. "இதில் குறை இருக்கும்; கண்டு சொல்லுங்கள்" என்பதே அதன் பொருள். அதை ஏற்றவர்களின் கதை ஒன்றுண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1964 ஆம் ஆண்டு பேசிக் என்னும் மொழி பிறந்தது. கெமினி, கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்று கருதி அதை வடிவமைத்தனர். அதை இயங்கச் செய்யும் பணியில் பெரும்பங்கு ஆற்றியவர்களோ இளங்கலை மாணவர்கள்! பின்னாளில் உலகெங்கும் எத்தனையோ பேருக்கு அதுவே முதல் கணிப்பொறி மொழியாயிற்று.

தமிழ் மொழிக் கருவிகளுக்கு இத்தகைய சோதனை இன்னும் இன்றியமையாதது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ, தனியே சொல்லிக் கொடுத்தாலன்றி, அவை வெவ்வேறு. எழிலில் 'பின்கொடு' என்றொரு கட்டளைச் சொல் உண்டு. இத்தகைய சொல்லைப் பலவகை விசைப்பலகைகளில் தட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று கண்டு சொல்ல வேண்டியவர்கள் யார்? டார்ட்மவுத் மாணவர்களா? நாம்தாமே!

"தமிழில் நிரல் எழுதினால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது என்பதே நேர்மையான விடை. ஆனால் நடைவண்டியை வைத்துக்கொண்டு யாரும் சந்தைக்குப் போவதில்லை. அதற்காகக் குழந்தைக்கு நடைவண்டி வேண்டாம் என்றும் யாரும் சொல்வதில்லை. "பைத்தான் மொழியில் இருப்பவை 35 சிறப்புச் சொற்களே, அவற்றை மனப்பாடம் செய்தால் ஆயிற்று" என்பார் மற்றொரு சாரார். இதில் உண்மை உண்டு. 2008 இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் முடிகிறது. எனினும் இடர்ப்பாடு அந்த 35 சொற்களோடு முடிவதில்லை. பிழைச்செய்தி ஆங்கிலம், விளக்க நூல் ஆங்கிலம், ஐயம் கேட்கும் இடமும் ஆங்கிலம் என்றால், தமிழ் வழியில் வந்த மாணவன் நிரலின் தருக்கத்தைத் தொடுவதற்கு முன்பே களைத்துப் போகிறான். பின்னர் அவன் செய்வது என்ன? செய்முறைத் தேர்வுக்கு முன்னிரவில் பத்து நிரல்களை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்கிறான். தேர்ச்சியும் பெறுகிறான். ஆனால் நிரல் எழுதக் கற்றான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழக மாவட்டங்களிலேயே கடைசியில் நின்றது நம் தருமபுரி. இங்கிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு எண்ணும் திறன் குறைவில்லை. எண்ணியதைச் சொல்லும் மொழிதான் அயலாக இருக்கிறது. தருக்கத்தைத் தாய்மொழியில் ஒருமுறை பிடித்துக்கொண்டவனுக்கு ஆங்கிலச் சொற்கள் பிறகு சுமையாக இரா என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்தப் பையனின் முகத்தில் அன்று நான் கண்ட ஒளியே அதற்குச் சான்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம், ஆய்வகத்தின் இரண்டு கணிப்பொறிகள் போதும். எழிலாயினும், தமிழ்த் தட்டச்சுக் கருவியாயினும், எழுத்துப் பிழை திருத்தியாயினும், தமிழில் வரும் சோதனைப் பதிப்பு எதையும் நிறுவிப் பார்ப்போம். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்னும் மூன்றையும் தெளிவாக எழுதி, உருவாக்கியவர்களுக்கு அனுப்புவோம். கணிப்பொறித் துறையோடு தமிழ்த் துறையும் இதில் கைகோக்க வேண்டும். 'பின்கொடு' என்னும் சொல் ஒரு மாணவனுக்கு உடனே விளங்குகிறதா, வேறு சொல் வேண்டுமா என்று கூறத் தமிழ் பயின்றவரைக் காட்டிலும் தகுதியுடையார் யார்? இதற்கு நிதியும் வேண்டாம், விழாவும் வேண்டாம்.

தமிழ் கணிப்பொறியில் வாழுமா என்று மேடைதோறும் கேட்கிறோம். மேடையிலிருந்து இறங்கி விசைப்பலகையின் முன் அமர்ந்தால் அக்கேள்விக்கு விடை கிடைக்கும். ஏரை ஒரு சால் ஓட்டிப் பார்ப்போம். ஓடவில்லையென்றால், தச்சரிடம் திரும்பிச் சென்று சொல்வோம். அன்று நான் செய்யத் தவறியது அதைத்தான்.