பேட்ச்னா யாரெல்லாம்?

வெள்ளிவிழா சந்திப்பு நடத்தாத பேட்ச்சே இப்ப கிடையாது போல. 2018ல '96 படம் வந்தாலும் வந்துச்சு, ஊர் ஊருக்கு மண்டபம் பிடிச்சு, டீ-ஷர்ட் அடிச்சு, ரிட்டையர் ஆன வாத்தியாருங்களுக்குப் பொன்னாடை போத்தி ஒரே அமர்க்களம். எங்க 1998 ப்ளஸ் டூ பேட்ச்சும் 2023ல நடத்துச்சு. கொசுவத்தி சுத்துறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. நானும் போய் பிரியாணி சாப்பிட்டு, தொண்டை கட்டுற வரைக்கும் கத்திட்டு வந்தவன்தான். என் கேள்வி வேற. பேட்ச்னு யாரைச் சொல்றோம்?

எல்லாரும் கையில வச்சிருக்கிறது ப்ளஸ் டூ குரூப் போட்டோ. அதைப் பாத்துதான் லிஸ்ட் போடறாங்க. நாங்க சாத்தூர் பக்கத்துப் பசங்க. 1991 ஜூன்ல ஆறாப்புல இடமில்லாம நெருக்கியடிச்சு உக்காந்த கூட்டத்துல, அந்த போட்டோ வரைக்கும் வந்தது பாதிகூட இல்ல. மிச்சப் பேரு? சிலர் தீப்பெட்டி ஆபீசுக்கு. பொண்ணுங்கள்ல சிலர் பெரிய மனுஷி ஆனதோட நின்னுட்டாங்க.

அப்புறம் ஒன்பதாப்பு. பெரிய களையெடுப்பே அங்கதான். பத்தாவது ரிசல்ட்ல நூத்துக்கு நூறு காட்டணும்னா, சந்தேகமான பசங்களை முந்தின வருஷமே கழட்டி விட்டுடணும். அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லி, "பெயில் போடட்டுமா, இல்ல டி.சி. வாங்கிக்கிறீங்களா?"ன்னு கேப்பாங்க. டி.சி.ல 'பாஸ்'னு எழுதிக் குடுத்தா அது பெரிய சலுகை! வேட்டியை இறக்கி விட்டுட்டு, அதுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவாங்க அந்த அப்பாக்கள்.

2010 ஏப்ரல்ல கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தப்புறம் எட்டாவது வரைக்கும் பெயில் கிடையாதுன்னு ஆச்சு. மத்திய அரசு 2019ல அந்தச் சட்டத்தைத் திருத்துனதும், நம்ம ஊர்லயும் அஞ்சுக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வுன்னு கிளம்பி, எதிர்ப்பு வந்து 2020 பிப்ரவரியில வாபஸ் வாங்குனாங்க. நல்லது. ஆனா ஒன்பதாப்புக்கு அந்தச் சட்டத்துல எந்தப் பாதுகாப்பும் இல்ல, கவனிச்சீங்களா?

சரி, சந்திப்புக்கு வருவோம். அன்னிக்கு மைக் பிடிச்சவங்க சொன்ன கதையெல்லாம் என்னன்னு யோசிச்சா வேடிக்கையா இருக்கு. கிணத்துல தள்ளிவிட்டு நீச்சல் கத்துக்குடுத்தது, கிளாசுக்குள்ள வந்த பாம்பை வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனது, சத்துணவு முட்டையில பந்தயம் கட்டுனது... எல்லாம் எட்டாப்புக்கு முன்னாடி நடந்தது. அதுல முக்கால்வாசிக்கு ஹீரோ யாருன்னா, மண்டபத்துல இல்லாதவங்க! ப்ளஸ் டூல எங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? டியூஷனும் பிராக்டிகல் நோட்டும்தான்.

பாம்பு பிடிச்சவன் இப்ப குட்டியானை வண்டி ஓட்டுறான், சொந்த வண்டி. சந்திப்புக்கு முந்தின வாரம் நான் போன் பண்ணப்ப, "நான் பத்தாவதே எழுதலையேடா மாப்ள, அங்க எனக்கென்ன வேலை?"ன்னான். கோபமெல்லாம் இல்ல, நிஜமாவே சந்தேகமாத்தான் கேட்டான். நான் என்ன சொல்லியும் வரலை. அன்னிக்கு ஒரு லோடு இருந்துச்சாம்.

"கூப்பிட்டா அவங்களுக்குத்தான் சங்கடம்"னு கமிட்டியில ஒருத்தர் சொன்னார். இருக்கலாம். ஆனா தலைக்கு 2,000 ரூபாய் வசூல், மேடையில ஒவ்வொருத்தரா 'நான் இன்ன கம்பெனியில இன்ன பதவி'ன்னு அறிமுகம்னு வச்சா, யாருக்குத்தான் சங்கடமா இருக்காது? சங்கடத்தை ஏற்பாடு பண்றது நாம. வசூலை முடிஞ்சவங்க முடிஞ்சதுன்னு வைக்கலாம். பதவிப் பட்டியலைத் தூக்கிட்டு, எந்தத் தெரு, யாரு பக்கத்துல உக்காந்தேன்னு சொல்லச் சொல்லலாம். இவ்வளவு ஏன், அந்தப் படத்துல வர்ற ராமே பள்ளிப் படிப்பை முடிக்கிறதுக்கு முன்னாடி குடும்பத்தோட ஊரைவிட்டுப் போனவன்தானே? அவனை யாராவது 'நீ எந்த பேட்ச்'னு கேட்டாங்களா?

பொண்ணுங்களைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஒத்துக்கிறேன். கட்டிக்குடுத்த ஊரு, மாறுன இனிஷியல்... ஆனா பள்ளிக்கூடத்துல அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கு. ஆறாப்புல சேந்த அத்தனை பேரும் அப்பா பேரோட அதுல இருப்பாங்க. ஹெச்.எம்.கிட்ட முறையாக் கேட்டு, ஊருக்கு ரெண்டு பேரா பிரிச்சுக்கிட்டுத் தேடுனா பாதிப் பேராவது கிடைப்பாங்க.

2028ல எங்களுக்கு முப்பது வருஷம் வருது. இப்பவே டீ-ஷர்ட் கலர் பத்திப் பேச்சு ஓடுது. கலர் எதுவா இருந்தாலும் சரி, முதுகுல 1998னு போடாம 1991னு போடுங்கப்பா.