கை நுழையாத இடம்

ஒரு பொருளைச் செய்தவன், அதைப் பின்னாளில் பழுதுபார்க்கப் போகிறவனை எண்ணிப் பார்த்தானா? இதை அறிய வேண்டுமாயின் பொருளின் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. தேயக்கூடிய உறுப்பை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1990களிலும் 2000களிலும் கைமுறைக் கியருடன் வெளிவந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வண்டியின் கிளட்ச் இதற்குத் தக்க சான்று என்றே நாம் கருதுகிறோம்.

கிளட்சின் இயக்கம் எளியது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய் வழியே தள்ளப்பட்டு, மறுமுனையிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்துகிறது. அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் பிளேட்டின் பிடி தளர்கிறது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு விடுபடுகிறது. வேறு பல வண்டிகளில் இந்த ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் இருக்கும். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ரேஞ்சரிலோ அது கியர்பாக்ஸின் முன்கூட்டுக்குள், தண்டைச் சுற்றி வளையம்போல் அமர்ந்திருக்கிறது.

உள்ளிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து திரவம் கசியத் தொடங்கினால் மிதி தளர்ந்து தரைவரை போகும். கியர் விழ மறுக்கும். அதைச் சரிசெய்ய வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீள் தண்டைக் கழற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, குறுக்குச் சட்டத்தை அகற்றி, கண்ணுக்குத் தெரியாத மேல் போல்ட்டுகளை நீண்ட கம்பி கோத்த ஸ்பானரால் தடவித் தேடித் திருகி, கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டும். மாற்றி முடித்தபின் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றியாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் உறுப்புக்கு இத்தனை பாடு. இறக்கியதுதான் இறக்கினோம் என்று, இன்னும் உழைக்கக்கூடிய கிளட்ச் பிளேட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது பட்டறை வழக்கம். மறுமுறை இறக்கும் கூலியை நினைத்தால் அது விவேகமே. ஆனால் அந்த விவேகத்தை அவசியமாக்கியது வடிவமைப்பு.

பொறியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. தண்டைச் சுற்றி அமைந்த சிலிண்டர் பேரிங்கை நேராகத் தள்ளுகிறது, இடையில் நெம்பும் கவையும் அதன் தேய்மானமும் இல்லை, இடமும் மிச்சமாகிறது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு என்பதே நம் கேள்வி. மிச்சம் ஆலையில், முதல் நாளில் கிடைத்துவிடுகிறது. செலவோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவ்வண்டியை இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கிய தச்சரின் தலையிலோ தோட்ட வேலைக்காரரின் தலையிலோ விழுகிறது. உறுப்பின் விலையைவிடக் கூலி பன்மடங்காகும்போது, ஓடக்கூடிய வண்டி பழைய இரும்பாகிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் இயற்றியது. வண்டி நிறுவனங்கள் பழுதறியும் தகவல்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்றது அது. நல்ல சட்டம்தான். ஆனால் அது தகவலுக்கு வழிவிடச் சொன்னதே தவிர, கை நுழைய வழிவிடச் சொல்லவில்லை. 2019இல் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பிவந்த ரேஞ்சரோ தானியங்கிக் கியருடன் மட்டுமே வந்தது. அதில் கிளட்ச் மிதியே இல்லை. பழைய வண்டிகளை வைத்திருப்போருக்கு இதனால் ஆறுதல் ஏதுமில்லை.

இலக்கியம் பயிற்றும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தார். தாம் கொண்ட பாடம் ஐயத்துக்கு இடமானால் பின்வருவோர் திருத்திக்கொள்ள அது வழிவிட்டது. தம் முடிவை மட்டும் அச்சிட்டு ஏடுகளின் வேறுபாடுகளை மறைத்திருந்தால் பக்கம் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சொல்லைத் திருத்த விரும்புகிறவர் எல்லா ஏடுகளையும் மீண்டும் முதலிலிருந்து தேடிச் சேர்க்க நேர்ந்திருக்கும். கியர்பாக்ஸை இறக்குவதும் அத்தகைய வேலைதான்.

தேயாத உறுப்பைச் செய்யும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. தேய்வது பொருளின் இயல்பு. எது முதலில் தேயுமோ அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள் என்பதே நம் வேண்டுகோள். வடிவமைப்பவரின் திறமையை மதிப்பிடும்போது, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருப்பவரின் சாட்சியத்தையும் கேட்பதே முறை.