மாபிளுக்கு முன்னர் வர வேண்டியவை

குளியலறையைப் புதுப்பிக்கப் புறப்படும் நம்மவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் மாபிள் கடை. (தரையோடு எதுவானாலும் அதனை மாபிள் என்றே அழைத்துப் பழகிவிட்டோம்; இருக்கட்டும்.) நிறத்தையும் பூவையும் தெரிவுசெய்து முற்பணமும் கட்டிய பின்னரே மேசனைத் தேடுகின்றனர். குழாய் வேலைக்காரர் அதற்கும் பின்னர். மின்னிணைப்பாளரின் ஞாபகமோ சுவர் முழுவதும் ஓடு ஏறிய பிறகுதான் வருகிறது. தலைப்பை எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ற செய்தியைத் தேடும் நிருபர்களைப் பத்திரிகை அலுவலகங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கூலியும் சீமெந்து விலையும் ஏறிய ஏற்றத்தில், விடுமுறை நாட்களில் தாமே சாந்துக் கரண்டியைக் கையில் எடுத்தோர் பலர். நான் அதனை வரவேற்கிறேன். கரண்டி பிடிப்பது படித்தவனுக்கு இழுக்கு என்ற எண்ணம் ஒழிவதானால் எந்தக் காரணத்தினால் ஒழிந்தாலும் நல்லதே. ஆனால், தானே வேலை செய்பவனுக்குக் கைத்திறனைவிட வேலையின் வரிசையே முக்கியமானது. கைத்திறன் குறைந்தால் ஓடு சற்றுக் கோணலாக அமையும், அவ்வளவுதான். வரிசை பிழைத்தாலோ ஒட்டிய ஓட்டை உடைக்க வேண்டும்.

வரிசையைத் தீர்மானிப்பதற்கு ஒரு கேள்வி போதுமானது: இந்த வேலை பிழைத்தால் எதை உடைத்து அதனைத் திருத்த வேண்டியிருக்கும்? அதிகம் உடைக்க வேண்டியது எதுவோ அதுவே முதலில் வர வேண்டும். அப்படிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் முன்னுக்கு வந்துவிடும். கடையில் முதலில் வாங்க வேண்டிய ஒரே அலங்காரப் பொருள் கொமட். அதன் வாய் தரைக்குள் இறங்குகிறதா சுவருக்குள் போகிறதா, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்பவற்றை அறியாமல் நான்கு அங்குலக் குழாயைப் புதைக்க முடியாது. அந்த அளவும் ஓடு ஒட்டி முடிந்த சுவரிலிருந்து எடுக்கப்படுவது. சாந்தும் ஓடுமாகச் சுவர் ஓர் அங்குலம்வரை முன்னே வந்துவிடும் என்பதை மறந்தவர்களின் வீடுகளில் கொமட்டின் பின்புறம் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

கழிவுக் குழாய்களை நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டமாகப் புதைத்து, நீர்க் குழாய்களைச் சுவர் வெட்டில் பொருத்தி, வாய்களை அடைத்து, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்த பின்னரே பூச்சு வேலை தொடங்கலாம். மின்கம்பி செல்லும் குழாயும் அப்போதே சுவருக்குள் போய்விட வேண்டும். சுடுநீர்ப் பொறிக்குத் தனிக் கம்பி, நிலத் தொடுப்பு, முப்பது மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் ஆகியன கட்டாயம். இந்த ஒரு வேலையை மட்டும் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே விட்டுவிடுங்கள். ஈரக்கால், 230 வோல்ட், சிக்கனம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது.

இனி, எனக்கு உண்மையாகவே கோபமூட்டும் விடயத்துக்கு வருகிறேன். தரைக்கு ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்துச் சாந்து போட்டதும் நம் மேசன்மார் ஓட்டை எடுத்துவிடுகின்றனர். நீர்த்தடுப்புப் பூச்சைப் பற்றிக் கேட்டால், "மாபிளுக்கும் சீமெந்துக்கும் மேலால் தண்ணீர் எங்கே ஐயா போகும்?" என்பர். போகும். ஓடு நீரை விடாதுதான். ஓட்டுக்கு ஓடு இடையிலுள்ள சீமெந்துக் கோடு விடும். கொங்கிறீற் தட்டும் மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஆண்டுக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் கேட்டுப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஒரு மஞ்சள் கறையைக் காட்டுவர். அந்தக் கறைக்குப் பின்னால் துருப்பிடிக்கும் கம்பி இருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் கொங்கிறீற்றைப் பிளக்கும்.

ஆகவே, பூச்சை இரு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூசுங்கள். சுவரிலும் அரை அடியாவது ஏற்றுங்கள். குளிக்கும் மூலையில் ஆளுயரத்துக்கு. பூச்சு நன்கு காய்ந்ததும் நீர் வெளியேறும் வாயை அடைத்து, வாசலில் சிறிய சாந்து வரம்பு கட்டி, தரையில் ஓரிரு அங்குல நீரைத் தேக்கி மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். இருபத்துநான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள், கீழ்வீட்டுக் கூரையையும் சேர்த்து. அதன் பின்னர்தான் ஓடு. "ஐந்து நாட்களில் முழுக் குளியலறை" என்று விளம்பரம் செய்வோரிடம் இந்த ஒரு நாள் எந்த நாளில் அடங்குகிறது என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

முதியவர்கள் உள்ள வீடுகளில் கைபிடிக் கம்பி ஓடு ஒட்டிய பின்னர் நினைவுக்கு வரும் பொருளாக இருக்கலாகாது. அது நிற்கும் இடத்தில் சுவரின் பலம் முன்னரே பார்க்கப்பட வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவுக்குத் தடையாகிவிடுவது பலருக்கும் பிந்தித்தான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த வரிசை வீட்டுக்கு வெளியிலேயே ஆரம்பமாகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில் அறைக்கு ஒரு குளியலறை கட்டப்படுகிறது. அத்தனை நீரும் போய்ச் சேரும் மலக்குழியோ அப்பு காலத்துக் குழி. எமது நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் துளைகளும் நிறைந்தது. குழியிலிருந்து இறங்குவது கிணற்றை அடைய நீண்ட பயணம் தேவையில்லை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் அந்த நிலத்தடி நீரை விட்டால் எமக்கு வேறென்ன இருக்கிறது? குழியையும் கிணற்றுக்கான தூரத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி ஆலோசனை பெறுவதே அங்கு முதலாவது வேலை.

வீட்டிலுள்ளவர்கள் அத்தனை நாளும் எங்கே போவது என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். சாந்து இறுக வேண்டும், பூச்சுக் காய வேண்டும், ஓடு ஒட்டி ஒரு நாளாவது மிதிக்காமல் விட வேண்டும். இரண்டு கிழமைக்குக் குறையாது. கோடிப்புறத்துப் பழைய மலசலகூடம் அவமானச் சின்னமென்று முதல் நாளே இடித்துவிடும் வீராதிவீரர்கள் அயல்வீட்டுக் கதவைத் தட்டுவதைக் கண்டிருக்கிறேன். புதியதில் ஒரு வாரம் நீர் ஓடிய பிறகு அதனை இடிக்கலாம்.