வாசல் விளக்குக்கும் காவல் வேண்டும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் லயத்து வீடுகளை விட்டுத் தாமான் வீடுகளுக்கு மாறிய குடும்பங்கள் வாசலையும் சிறு தோட்டத்தையும் விளக்கால் அழகுபடுத்துவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதைச் செய்யும் முறை கவலை தருகிறது. கூடத்து பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் ஜன்னல் வழியே வெளியேறுகிறது. நீளம் போதாத இடத்தில் இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றுகிறார்கள். அந்த இணைப்பு ஈரப்புல்லில் கிடக்கிறது. தீபாவளி வருவதோ அக்டோபரில் அல்லது நவம்பரில். நம் மேற்குக் கரையில் மாலைவேளைகளில் அடிக்கடி இடியுடன் மழை கொட்டும் பருவம் அது. வெளி விளக்கைப் பண்டிகைக்கான தற்காலிக வேலையாகக் கருதும் வழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும்.

‘எல்.இ.டி. விளக்குதானே, ஐந்து வாட்தானே, அதில் என்ன ஆபத்து?’ என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கு சிறியதாக இருந்தாலும் அதற்குப் போகும் வயரில் ஓடுவது 230 வோல்ட். உறை கிழிந்த இடத்தை ஈரக்கை தொட்டால், உடலில் பாயும் மின்சாரத்தை விளக்கின் வாட் அளவு கட்டுப்படுத்தாது. 30 மில்லியம்பியருக்கு மேல் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ் இதைக் கண்டுகொள்ளாது; 30 மில்லியம்பியர் என்பது அதன் அளவில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. பியூஸ் காப்பது வயரை. ஆளைக் காப்பது, கசியும் மின்சாரத்தை உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவிதான்.

அந்தக் கருவிதான் மெயின் பாக்ஸில் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். பெட்டியைத் திறந்து அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பாருங்கள். பல மலேசிய வீடுகளில் 0.1A என்றிருக்கும். அதாவது 100 மில்லியம்பியர் கசிந்தால்தான் அது செயல்படும் என்பது உறுதி. தொட்டவரைக் காக்க 0.03A என்று குறித்த கருவி வேண்டும். ஆகவே வெளி விளக்குகளுக்கு 30 மில்லியம்பியர் ஆர்.சி.டி. பொருத்திய தனி இணைப்பு தேவை. அதைச் செய்ய வேண்டியவர், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன். வயர் பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும். மழையில் நனையும் விளக்குக்கும் இணைப்புப் பெட்டிக்கும் ஐ.பி.65 தரம் நல்லது. வாங்கும் பொருளில் சிரிம் தரச்சான்று ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு செலவு எல்லாராலும் முடியுமா என்பது நியாயமான கேள்வி. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு வயர்மேன் கூலி சுமைதான். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. சோலார் தோட்ட விளக்குக்கு வீட்டு மின்சாரமே வேண்டாம். கையால் மண்ணில் ஊன்றினால் போதும். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள், தரமான டிரான்ஸ்ஃபார்மரை மழை படாத இடத்தில் வைத்து 12 வோல்ட் விளக்குகளைப் போடலாம். அப்போது புல்லில் கிடக்கும் வயரை மண்வெட்டி வெட்டினாலும், 230 வோல்ட் வயர் அறுபட்டால் நேரும் ஆபத்து இராது.

இந்த விளக்குகளில் வெளிச்சம் குறைவு என்ற மனக்குறை சிலருக்கு உண்டு. நடைபாதைக்கும் வாசற்படிக்கும் கால் வைக்கும் இடம் தெரிந்தால் போதுமே. மங்கிய வெளிச்சத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் கம்போங் குவாந்தானின் மின்மினிகள் சிலாங்கூர் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்னி இணை தேடுகின்றன. செயற்கை வெளிச்சம் கூடினால் அந்த ஒளிக்குறி மங்கிப்போகும். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் மங்கிய, கீழ்நோக்கிய விளக்கைப் போட்டு, தூங்கப் போகுமுன் அணைப்பது அவற்றுக்கும் நல்லது.

இந்த வாரமே மெயின் பாக்ஸைத் திறந்து ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அலங்கார விளக்கு வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.