+2 மார்க்குக்கு மதிப்பு பூஜ்ஜியம்!

டெல்லி ஸ்ரீராம் வணிகக் கல்லூரி என்றால் காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஏக்கம்தான். 2011-ல் அங்கே பி.காம் ஆனர்ஸ் சேர, +2வில் காமர்ஸ் எடுக்காதவர்களுக்கு 100 சதவீதம் கட்-ஆஃப் போட்டார்கள். நாடே சிரித்தது. 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பல கல்லூரிகளில் மறுபடியும் அதே 100. இந்தக் கூத்தை நிறுத்த ஏதோ ஒரு வழி வேண்டும் என்பதில் சண்டையே இல்லை.

ஆனால் 2022-ல் கொண்டுவந்த வழி? க்யூட் நுழைவுத் தேர்வு! தலைவலிக்குத் தலையையே வெட்டிய கதை. +2 மதிப்பெண் வெறும் தகுதிக்கு மட்டும். பாஸா, சரி, ஓரமாக வை. இரண்டு வருடம் படித்து, பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியதற்கு மதிப்பு பூஜ்ஜியம். 2025 முறைப்படி ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி. சரியென்றால் 5 மார்க், தப்பென்றால் ஒன்று போச்சு. தலையெழுத்து முடிந்தது.

"எல்லோருக்கும் ஒரே தேர்வு, இதைவிட நியாயம் உண்டா?" என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுடைய +2 புத்தகம் முழுமை பெறா பதிவேடுகளில் தொடங்கி, கூட்டாண்மை, நற்பெயர், பங்கு வெளியீடு, விகிதப் பகுப்பாய்வு என்று போய் டேலியில் முடிகிறது. க்யூட் பாடத்திட்டமோ என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியது. கூட்டாண்மைக் கலைப்பு, கடனீட்டுப் பத்திரங்கள், ரொக்க ஓட்ட அறிக்கை எல்லாம் அதில் உண்டு. அவள் உயிரைக் கொடுத்துப் படித்த முதல் பாடம் அங்கே செல்லாது. அங்கே கேட்பது இவளுக்கு யாரும் நடத்தாதது. சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு அது வகுப்பிலேயே நடத்திய பாடம். இதற்குப் பெயர் சம வாய்ப்பாம்!

தமிழிலும் எழுதலாம் என்பார்கள். ரொம்ப சந்தோஷம். படிக்காத பாடத்தைத் தமிழில் கேட்டால் மட்டும் விடை வந்துவிடுமா?

ஆக, இடைவெளியை நிரப்ப கோச்சிங் சென்டர். காசு இருக்கிற வீடு கட்டும், இல்லாத வீடு ஆசையை விட்டுவிடும். பள்ளிப் படிப்பு ஓரங்கட்டப்பட்டு கோச்சிங் சென்டர்கள்தான் பெருகும் என்று 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமே போட்டது. அரசியல் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒரு மாநில வாரியம் மார்க்கை அள்ளி வீசுகிறது, இன்னொன்று கிள்ளிக் கொடுக்கிறது என்பது உண்மையான பிரச்சினைதான், மறுக்க முடியாது. ஆனால் தீர்க்க முடியாததா? வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்து ரேங்க் போடும் வேலையைத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பல வருடமாகச் செய்கிறது. க்யூட்டிலேயே வெவ்வேறு நாளில் எழுதியவர்களின் மார்க்கைச் சமன்செய்யத்தானே செய்கிறார்கள்? ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முடிகிற காரியம் வாரியத்துக்கு வாரியம் ஏன் முடியாதாம்? பாதி +2, பாதி நுழைவுத் தேர்வு என்றாவது வைத்திருக்கலாமே.

அந்தத் தேர்வாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால்... 2024-ல் ரிசல்ட் வரவே ஜூலைக் கடைசி ஆனது. 2025-ல் கணக்குப்பதிவியல் தாளில், விருப்பப்படி தேர்ந்தெடுக்க வேண்டிய பகுதி கட்டாயமாக வந்துவிட்டது என்று மாணவர்கள் கத்த, விரும்புகிறவர்கள் மறுபடி எழுதலாம் என்று தேசியத் தேர்வு முகமை அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கை. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்து ஒரே சீட்டுக்கு நின்றால் டெல்லிப் பல்கலைக்கழகம் எதைப் பார்க்கிறது தெரியுமா? நம்பத் தகாதது என்று தூக்கிப் போட்ட அதே +2 மார்க்கைத்தான்!

டெல்லிக்குப் போகவே ஆசையில்லாத பிள்ளைக்கும் இதே கதி. திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர, அதே ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்த பெண்ணும் முதலில் க்யூட் எழுதியாக வேண்டும்.