தடியோடு ஏறினோம், தடியோடு இறங்குவோம்

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் வெள்ளியங்கிரி மலைக் கோயிலுக்கு ஏறுபவர்கள் குறைவு. ஏழு மலை, ஒரு வழிக்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் வெயிலுக்கு அஞ்சிப் பலரும் இரவில்தான் ஏறுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கினாலும், இறங்கும்போது முழங்கால் நடுங்கினாலும் தடிதான் மூன்றாவது கால்.

ஊன்றும்போது அது துணை. ஊன்றாதபோது என்ன செய்கிறோம்?

படியில் பின்னால் வருபவர் நம்மைவிட இரண்டு மூன்று படி கீழே இருக்கிறார். அவர் முகம் நம் இடுப்பு உயரத்தில் வருகிறது. தடியை நடுவில் பிடித்துக் கிடையாக வீசி நடந்தால், வெட்டுப்பட்ட மூங்கில் முனை அவர் கண்ணுக்கு நேரே ஆடும். டார்ச் வெளிச்சத்தில் அது தெரிவதும் இல்லை. படம் எடுக்கத் தடியைக் கக்கத்தில் இடுக்கித் திரும்புபவர் பக்கத்து ஆளை இடிக்கிறார். சுனையில் தண்ணீர் பிடிக்கப் பாதைக்குக் குறுக்கே போட்ட தடி, அடுத்து வருபவரின் பாதத்தின் கீழ் உருள்கிறது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அதனாலேயே யாரும் பொறுப்பேற்பதும் இல்லை.

இறங்கும் வழியில் தடியை வீசிவிட்டு, ‘காட்டில் விளைந்தது காட்டிலேயே மட்கட்டுமே, பிளாஸ்டிக்கா என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. மட்கும்தான், அதற்குள் எத்தனை கால்கள் இடறும்? மேலும், வீசி எறியும் ஒவ்வொரு தடிக்கும் ஈடாக இன்னொரு மூங்கில் வெட்டுப்படுகிறது. அதே மூங்கில்தான் யானைக்குத் தீனி. நாம் நடப்பதோ யானை நடமாடும் காட்டில்.

ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடந்துவரும் மலையோட்டப் போட்டியில் ஊன்றுகோலை வழியில் விடாமலிருக்க ஒரு விதியே இருக்கிறது. ஊன்றுகோல் எடுத்து வருபவர் தொடக்கம் முதல் முடிவு வரை அதைத் தாமே சுமக்க வேண்டும். பந்தயத்துக்குப் பொருந்துவது பக்திக்குப் பொருந்தாதா?

நாம் கேட்பது புதுச் சட்டம் அல்ல, ஓர் உடன்பாடு. ஏறுபவர்கள் தடியை உடலை ஒட்டிச் செங்குத்தாக, முனை தரையைப் பார்க்கப் பிடிக்கட்டும். உட்காரும்போது பாதையின் ஓரமாக, நீளவாக்கில் வைக்கட்டும். கூட்டிச் செல்பவர்கள் முதல் படியிலேயே இதைச் சொல்லிவிடட்டும். விற்பவர்கள் முனையைச் சீவி, துணி சுற்றித் தரட்டும். திரும்பி வரும் தடிக்கு ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கட்டும். வழி புதிதல்ல. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். மதுக் கடையில் முடிந்தது மலையடிவாரத்தில் முடியாதா? கோயில் நிர்வாகமும் வனத்துறையும் தடிகளைச் சாய்த்து வைக்க ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தால் போதும்.

வேண்டுதலாக எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புபவர்கள் கொண்டுபோகலாம். பேருந்தில் பத்துத் தடிகளைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினால் யாருக்கும் தொல்லை இல்லை. மற்றவர்கள் அடிவாரத்திலேயே விட்டுச் செல்லலாம். விடியலில் நாம் சாய்த்து வைத்த தடி, அன்று இரவே இன்னொருவரின் முழங்காலைத் தாங்கும்.